பழுதுபார்த்தலின் அறம்

உடைந்த ஒன்றைச் சரிசெய்வது நற்செயல் என்பதில் எவருக்கும் ஐயமில்லை. ஆனால் சரிசெய்ய முற்பட்டவர் அதைத் தவறாகச் செய்துவிட்டால், அந்தத் தவற்றை என்ன செய்வது என்னும் வினாவை நாம் அதிகமாக எண்ணிப் பார்ப்பதில்லை. உடைவு என்பது ஒன்று. உடைவின்மேல் போடப்பட்ட தவறான ஒட்டு என்பது மற்றொன்று. முன்னது பெரும்பாலும் காலத்தாலோ தற்செயலாலோ நேர்கிறது. பின்னது ஒரு மனிதரின் கையால், அதுவும் பல வேளைகளில் நல்லெண்ணத்தோடு, நேர்கிறது. ஆகவே முன்னதைவிடப் பின்னதைக் கையாள்வதே கடினம். உடைவைக் கண்டு நாம் வருந்தினால் போதும். தவறான ஒட்டைக் கண்டாலோ ஒரு மனிதரைப் பற்றியும் தீர்ப்புச் சொல்ல வேண்டியதாகிறது.

இந்த வினாவை ஒரு சிறிய இசைக்கருவியை முன்னிறுத்தி ஆராய விரும்புகிறேன். நம் பெரியவர்கள் பிடில் என்றும், நாம் வயலின் என்றும் வழங்கும் கருவி அது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாலுசுவாமி தீட்சிதர் போன்றோரால் கர்நாடக இசைக்குள் வந்து, இன்று நம் கச்சேரி மேடைகளிலும் ஆலயப் பாடற்குழுக்களிலும் நிலைத்துவிட்ட கருவி. இதனைத் தேர்ந்துகொள்வதற்குக் காரணம் உண்டு. இத்தாலியின் கிரெமோனா நகரில் வாழ்ந்த அந்தோனியோ ஸ்திராதிவாரி இறந்தது 1737-இல். தம் கருவிகளின் முத்திரைத் தாளில் சிலுவையையும் இயேசுவின் திருப்பெயர் எழுத்துகளையும் பொறித்ததால் 'தெல் ஜேசு' எனப் பெயர்பெற்ற குவார்னேரி இறந்தது 1744-இல். அவர்கள் செய்த வயலின்கள் இன்றும் மேடைகளில் ஒலிக்கின்றன. பழுதுபார்க்கப்படாமல் அவை இத்தனை காலம் வாழவில்லை. ஒவ்வொன்றும் பல முறை திறக்கப்பட்டு, ஒட்டப்பட்டு, மீண்டும் மூடப்பட்டுள்ளது. ஒரு பொருளைத் தலைமுறை தலைமுறையாகப் பலர் கைமாற்றிக் காக்கும்போது என்ன ஒழுங்கு வேண்டும் என்பதை, வேறு எதையும்விட வயலின் நமக்குத் தெளிவாகக் காட்டுகிறது.

வச்சிரத்தின் இயல்பு

வயலினின் முகப்பலகை ஸ்புரூஸ் எனப்படும் ஊசியிலை மரத்தால் ஆனது. பின்பலகை, விலாவைப் போலச் சுற்றி நிற்கும் பட்டைகள், கழுத்து ஆகியவை மேப்பிள் மரத்தால் ஆனவை. முகப்பலகையின் கனம் ஏறத்தாழ 3 மில்லிமீட்டர்தான். நான்கு தந்திகளின் மொத்த இழுவிசையோ 20 கிலோ எடைக்கும் மேற்பட்டது. அதில் ஒரு பங்கு குதிரையின் வழியாக அந்த மெல்லிய பலகையைக் கீழ்நோக்கி அழுத்திக்கொண்டே இருக்கிறது. அந்த அழுத்தத்தைத் தாங்க, உள்ளே முகப்பலகைக்கும் பின்பலகைக்கும் நடுவே ஒரு சிறு குச்சி நிற்கிறது. சுமார் 6 மில்லிமீட்டர் பருமன் உள்ள அக்குச்சியை இத்தாலியரும் பிரெஞ்சுக்காரரும் தத்தம் மொழியில் 'ஆன்மா' என்றே அழைக்கின்றனர். அதற்குப் பசை கிடையாது. அளவும் பொருத்தமும் சரியாக இருப்பதால் மட்டுமே நிற்கிறது.

மற்ற உறுப்புகளை இணைப்பது விலங்குத் தோலைக் காய்ச்சி எடுத்த பசை. நம் ஊர்த் தச்சர்கள் ஒரு காலத்தில் 'வச்சிரம்' என்று வழங்கியது இதைத்தான். காய்ந்த வச்சிரத்தைத் தண்ணீரில் ஊறவைத்து, வெந்நீர்ப் பாத்திரத்தினுள் இன்னொரு கிண்ணத்தை வைத்து உருக்கி, சூடு ஆறுமுன் பூசுவார்கள். பெயர் வச்சிரம் ஆயினும், அது விட்டுக்கொடுக்கும் பசை. நூறு ஆண்டுகளுக்கு மேலும் பிடித்து நிற்கும். எனினும் சிறிது ஈரமும் சூடும் பட்டால் இளகிவிடும். மெல்லிய கத்தி ஒன்றைப் பொருத்துவாயில் பொறுமையாகச் செலுத்தினால் முகப்பலகை முழுதாகக் கழன்று வரும். முகப்பலகையை ஒட்டும்போது தேர்ந்த கைவினைஞர்கள் வச்சிரத்தில் இன்னும் தண்ணீர் சேர்த்து, வேண்டுமென்றே வலிமையைக் குறைத்துக்கொள்கிறார்கள்.

இது ஏன்? மரம் வெட்டப்பட்ட பின்னும் அசைந்துகொண்டேதான் இருக்கிறது. மழைக்காலத்தின் ஈரத்தில் இழைகளுக்குக் குறுக்கே விரிகிறது. கோடையின் வறட்சியில் அதே திசையில் சுருங்குகிறது. சுருங்கும் பலகையை நாற்புறமும் இறுகப் பிடித்துவைத்தால் அது எங்கேனும் விட்டாக வேண்டும். பசை விட்டுக்கொடுத்தால் ஓரத்தில் ஒரு வாய் திறக்கும். அதை மீண்டும் ஒட்டுவது பெரிய வேலையன்று. பசை விட்டுக்கொடுக்காவிட்டால் பலகை நடுவே பிளக்கும். அது கருவியின் வாழ்நாள் முழுதும் நிற்கும் காயம். ஆகவே மரத்தைக் காக்கும்பொருட்டே பசை மரத்தைவிட வலிமை குறைந்ததாக இருக்க வேண்டும் என்பது வயலின் செய்வோரின் பழைய நெறி.

எது தவறான பழுதுபார்ப்பு?

பொதுவாக நாம் அழகற்ற வேலையைத் தவறான வேலை என்கிறோம். இவ்வளவுகோல் நம்மை ஏமாற்றிவிடக்கூடும். கருவியின் உட்புறத்தில் விரிசலின்மேல் யாரோ ஒருவர் ஒரு துணித் துண்டைக் கோணலாக ஒட்டியிருக்கலாம். பார்க்க அருவருப்பாகத்தான் இருக்கும். ஆனால் ஒட்டியது வச்சிரத்தால் என்றால், வெதுவெதுப்பான நீரில் நனைத்துச் சிறிது நேரத்தில் எடுத்துவிடலாம்; மரத்திற்குக் கேடில்லை. அதே விரிசலை மற்றொருவர் எப்பாக்சி என்னும் வேதிப்பசையை நிரப்பி, வழவழப்பாகத் தேய்த்து, மேலே புது வார்னிஷ் பூசி, கண்ணுக்கே தெரியாதவாறு மறைத்திருக்கலாம். இறுகிய எப்பாக்சி நீரில் கரையாது. அதை எடுக்க முற்பட்டால் பெரும்பாலும் மரத்தையும் சேர்த்தே எடுக்க வேண்டிவரும். தேய்த்த இடத்தில் மூல வார்னிஷும், பலகையின் வளைவில் ஒரு பகுதியும் ஏற்கெனவே போய்விட்டன. அவற்றை எவராலும் திரும்பத் தர இயலாது.

தச்சுக்கடைகளில் இன்று எங்கும் கிடைக்கும் வெள்ளைப் பசையின் கேடு இன்னொரு வகையானது. அது மரத்தின் நுண்துளைகளுக்குள் ஊறிப் படலமாக நின்றுவிடும். அதன்மேல் பிறகு வச்சிரம் சரியாகப் பிடிக்காது. அடுத்து வருபவர் முதலில் அதைச் சிறிது சிறிதாக நனைத்துச் சுரண்டி எடுத்த பின்னரே தம் வேலையைத் தொடங்க முடியும்.

ஆகவே தவறான பழுதுபார்ப்புக்கு மூன்று அடையாளங்களைச் சொல்லலாம். ஒன்று, அது திரும்பப் பெற இயலாத எதையேனும் அழித்துவிடுகிறது. இரண்டு, அடுத்து வருபவர் திருத்துவதற்கான வழியை அடைத்துவிடுகிறது. மூன்று, என்ன நடந்தது என்பதை மறைத்துவிடுகிறது. இம்மூன்றும் இல்லையெனில், ஒரு வேலை எவ்வளவு நயமற்றதாயினும் அது பொறுத்துக்கொள்ளத் தக்கதே. இம்மூன்றில் ஒன்று இருந்தாலும், அது எவ்வளவு நயமானதாயினும் தவறானதே.

குற்றம் எவருடையது?

எங்கள் பங்கின் பாடற்குழுவில் ஒரு பழைய வயலின் உண்டு. விலையுயர்ந்த கருவி அன்று. ஆனால் சிறுவர்கள் மூன்று தலைமுறையாக அதில்தான் கற்றுக்கொள்கிறார்கள். நான் இப்பங்கிற்கு வருவதற்குச் சில ஆண்டுகள் முன்பு, ஒரு மழைக்காலத்தில் அதன் முகப்பலகை ஓரத்தில் வாய்திறந்து, கழுத்தும் ஆடத் தொடங்கியதாம். திருவிழா நெருங்கியதால் பாடற்குழுவினர் அதனை ஊரில் உள்ள தச்சர் ஒருவரிடம் கொடுத்தனர். ஆலயத்தின் கதவுகளைச் செய்த திறமைமிக்க கைகள் அவருடையவை. அவர் முகப்பலகையை வெள்ளைப் பசையால் சுற்றிலும் ஒட்டி, கழுத்தின் அடியில் இரண்டு திருகாணிகளை இறக்கி, கூலி வாங்க மறுத்துத் திருப்பித் தந்தார். திருவிழாவில் வயலின் ஒலித்தது. இரண்டு கோடைகள் கழிந்து மூன்றாம் கோடையில், குதிரைக்கு அருகே தொடங்கி ஏறக்குறைய விளிம்புவரை முகப்பலகை பிளந்தது.

நகரத்தில் பழுதுபார்க்கும் முதியவர் ஒருவரிடம் அதைக் கொண்டுசென்றபோது அவர் வெகுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "சாமி, ஓரம் விட்டது மட்டும்னா அரைநாள் வேலை. சரிபண்ணினதைச் சரிபண்ணத்தான் பத்து நாள் ஆகும்."

இப்போது குற்றம் எவருடையது? ஒரு செயலை எடைபோட நம் அறநெறி இயல் மூன்றைப் பார்க்கச் சொல்கிறது: செய்யப்பட்டது என்ன, எந்த நோக்கத்தோடு, எந்தச் சூழலில். தச்சரின் நோக்கத்தில் களங்கமில்லை. ஆனால் நோக்கம் நல்லது என்பதற்காகப் பலகை பிளக்காமல் இருக்கவில்லை. நல்ல நோக்கம் செய்தவரின் உள்ளத்தைப் பற்றிப் பேசுகிறதே தவிர, செய்யப்பட்டதன் விளைவை மாற்றுவதில்லை. பண்டைய உரோமைச் சட்ட அறிஞர்கள் திறமையின்மையையும் ஒரு குற்றமாகவே எண்ணினர். அறியாமை தன்னளவில் குற்றம் என்பது அதன் பொருளன்று. தனக்குத் தெரியாத ஒரு வேலையைத் தெரிந்தவர்போல் ஏற்றுக்கொள்வதில் குற்றம் இருக்கிறது என்பதே அதன் கருத்து.

ஆயினும் இந்த அளவுகோலை நம் தச்சர்மீது அப்படியே வைத்துவிட முடியுமா? தமக்குத் தெரியாத வேலை இது என்பதே அவருக்குத் தெரியாது. மரம், பசை, திருகாணி ஆகிய மூன்றும் அவர் நாற்பது ஆண்டுகளாகப் பழகியவை. ஒட்டு விடாமல் நிற்க வேண்டும் என்பது கதவு செய்பவரின் அறம். அந்த அறத்தை அவர் வயலினுக்கும் உண்மையோடு கடைப்பிடித்தார். ஓரிடத்தில் நற்பண்பாக இருப்பது வேறோரிடத்தில் கேடாக முடிவது வாழ்வில் அரிதன்று. மேலும், அருகில் வேறு எவரும் இல்லை, நகரத்திற்கு அனுப்பப் பணமும் இல்லை, கேட்டவர்கள் அவசரப்படுத்தினார்கள். பொறுப்பில் ஒரு பங்கு, கொடுத்தவர்களுக்கும் உண்டு. ஆகவே குற்றச்சாட்டு என்று எடுத்துப் பார்த்தால் அது பலரிடையே சிதறி, எவர்மீதும் முழுமையாக நிற்பதில்லை. ஆனால் குற்றம் எவர்மீதும் நிற்கவில்லை என்பதால் சேதம் இல்லாமல் போய்விடுவதும் இல்லை. இவ்விரண்டையும் ஒருசேர மனத்தில் வைத்திருப்பதுதான் கடினம்.

பொருளைப் பார்த்தே தீர்ப்பிடுவதும் தகாது. வயலினில் இரும்பு ஏறியதைக் கண்டதும் முகம் சுளிப்பவர்கள் உண்டு. ஆனால் ஸ்திராதிவாரி உள்ளிட்ட கிரெமோனாவின் ஆசான்களே, முகப்பலகையை மூடுமுன் உட்புறத்திலிருந்து கட்டையின் வழியாக இரும்பு ஆணிகளை அடித்துத்தான் கழுத்தை இணைத்தார்கள். ஆணி தன்னளவில் குற்றமுள்ளதன்று. எந்த இடத்தில், எந்த அறிவோடு அடிக்கப்பட்டது என்பதே வினா.

எதை நீக்குவது, எதை விட்டுவைப்பது?

தவறான ஒட்டைக் கண்டவருக்கு இரண்டு சோதனைகள் வருகின்றன. ஒன்று, முன்னவர் செய்த அனைத்தையும் பிய்த்தெறிந்து, கருவியை அதன் தொடக்க நிலைக்கே கொண்டுபோய்விடலாம் என்னும் ஆர்வம். மற்றொன்று, மேலே இன்னொரு பூச்சைப் பூசி மறைத்துவிடலாம் என்னும் சோம்பல். சோம்பலின் தீமை எளிதில் விளங்கும். ஆர்வத்தின் தீமை அவ்வளவு எளிதில் விளங்காது. ஏனெனில் அது நேர்மையைப் போலத் தோற்றம் தருகிறது. ஆனால் ஒரு கருவியைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் விளிம்பில் சிறிதளவேனும் மரம் உதிர்கிறது. பழைய ஒட்டைச் சுரண்டும் ஒவ்வொரு முறையும் பலகை மெலிகிறது. முன்னவரின் தவற்றை முற்றிலும் துடைத்துவிட வேண்டும் என்னும் ஆத்திரத்தில், அவர் விட்டுவைத்த நல்ல மரத்தையும் நாமே அழித்துவிடக்கூடும்.

ஆகவே கைவைக்கும் முன் கேட்க வேண்டிய வினாக்கள் மூன்று. இந்தப் பழைய வேலை இன்னும் கேடு செய்துகொண்டிருக்கிறதா? அதை நீக்கினால் இழப்பது எவ்வளவு? அது இதற்குள் அப்பொருளின் வாழ்வில் ஒரு பகுதியாகிவிட்டதா?

மூன்றாம் வினாவுக்கு ஸ்திராதிவாரியின் கருவிகளே சான்று. அவர் காலத்துக் கழுத்து சற்றுக் குட்டையானது, பின்சாய்வும் குறைவு. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து இசையரங்குகள் பெரிதாகி, சுருதி உயர்ந்து, தந்தியின் விசையும் கூடியபோது, ஏறக்குறைய எல்லாப் பழைய வயலின்களின் கழுத்தும் வெட்டப்பட்டு, நீண்ட, சாய்ந்த புதிய கழுத்து பொருத்தப்பட்டது. ஆசான் செதுக்கிய சுருள்தலையை மட்டும் பத்திரமாக அறுத்தெடுத்துப் புதிய கழுத்தில் ஒட்டுச் சேர்த்தனர். உள்ளே இருக்கும் நீண்ட தாங்கு சட்டத்தையும் எடுத்துவிட்டு வலிமையான வேறொன்றை வைத்தனர். 1690-இல் அவர் மெதிச்சி குடும்பத்திற்காகச் செய்து, இன்று ஃபிளாரன்சு நகரில் இருக்கும் பெரிய வியோலா ஒன்று பழைய கழுத்தோடு எஞ்சியிருப்பது மிக அரிய விதிவிலக்கு. அந்த மாற்றங்கள் தவறா? மூலநிலையைப் போற்றுபவர்க்கு அது பெரும் இழப்பு. ஆனால் அந்தப் புதிய கழுத்து இல்லையெனில், இருநூறு ஆண்டுகளின் இசையில் அக்கருவிகளுக்கு இடமே இருந்திராது. இன்று எவரும் எல்லாவற்றையும் வெட்டிப் பழைய கழுத்தை வைக்கச் சொல்வதில்லை. மாற்றத்தைச் சுற்றியே கருவி வாழ்ந்துவிட்டது.

இதே வினா ஒரு முறை உரோமையின் சிஸ்டைன் சிற்றாலயத்திலும் எழுந்தது. மைக்கலாஞ்சலோ 1541-இல் தீட்டி முடித்த 'இறுதித் தீர்ப்பு' ஓவியத்தில், ஆடையற்ற உருவங்களுக்கு ஆடை தீட்டும் பணி 1565-இல் தானியேலே தா வோல்தேரா என்னும் ஓவியரிடம் ஒப்படைக்கப்பட்டது. பின்வந்த நூற்றாண்டுகளில் வேறு சிலரும் ஆடைகளைச் சேர்த்தனர். 1990 முதல் 1994 வரை அவ்வோவியம் தூய்மை செய்யப்பட்டபோது, அவற்றை என்ன செய்வது என்பதே பெரும் வினாவாயிற்று. பிற்காலத்தவர் சேர்த்தவற்றில் பல நீக்கப்பட்டன. தானியேலே தீட்டியவை, தம் காலத்தின் வரலாற்றுச் சான்றாக விட்டுவைக்கப்பட்டன. இதில் இன்னொரு செய்தியும் உண்டு. தானியேலே பெரும்பாலான ஆடைகளை உலர்ந்த சுவரின்மேல் பூச்சாகவே தீட்டினார். ஆனால் புனித பிளாசியார், புனித கத்தரீன் ஆகியோர் உருவங்கள் இருந்த இடத்தில் மட்டும் பழைய சாந்தையே கொத்தி எடுத்துவிட்டுப் புதிதாகத் தீட்டினார். அங்கே ஆடையை நீக்கலாமா என்னும் வினாவுக்கே இடமில்லை. நீக்கினால் அடியில் மைக்கலாஞ்சலோ இல்லை. ஒரே மனிதர், ஒரே நோக்கம், ஒரே பணி. ஆயினும் பூசியதற்கும் கொத்தியதற்கும் உள்ள வேறுபாடு நானூறு ஆண்டுகளுக்குப் பின்னும் எஞ்சி நிற்கிறது.

எங்கள் வயலினைப் பார்த்த முதியவர் இந்த வரலாற்றையெல்லாம் படித்தவரா என நான் அறியேன். அவர் செய்ததோ இதற்கு இணங்கவே இருந்தது. முகப்பலகையைத் திறந்து, வெள்ளைப் பசையை நாள்தோறும் சிறிது சிறிதாக நனைத்து எடுத்தார். ஏனெனில் அது இன்னும் கேடு செய்துகொண்டிருந்தது. பிளவை வச்சிரத்தால் ஒட்டி, உட்புறம் சிறு மரத் துண்டுகளைக் குறுக்கே வைத்தார். கழுத்திலிருந்த திருகாணிகளை மட்டும் அவர் தொடவில்லை. "சாய்வு சரியா இருக்கு சாமி. இது பாட்டுக்கு இருக்கட்டும். கழட்டப்போனா அடிக்கட்டை பிளக்கும். தொந்தரவு பண்ணுற அன்னைக்குப் பார்த்துக்கலாம்" என்றார். கருவியின் விலையும் எங்கள் பங்கின் பொருள்நிலையும் அவருக்குத் தெரிந்திருந்தன. சிறுவர்கள் கற்றுக்கொள்ளும் கருவிக்கு, அருங்காட்சியகப் பொருளுக்குரிய செலவைச் செய்யச் சொல்வதும் நீதியாகாது.

உண்மையைச் சொல்லுதல்

இவ்வினாவில் மிகக் கடினமான பகுதி மரத்தைப் பற்றியதன்று, மனிதரைப் பற்றியது. வயலின் திரும்பி வந்த செய்தி ஊரில் பரவியதும், தச்சரே ஒரு நாள் பங்கு இல்லத்திற்கு வந்து கேட்டார்: "சாமி, நான் ஒட்டினது விட்டுப்போச்சுங்களா?"

அந்நேரத்தில் மழுப்பலாக ஒரு விடை சொல்லியிருக்கலாம். பழைய மரம், வெயில் அதிகம் என்று எதையேனும் காரணம் காட்டியிருந்தால் அவர் நிம்மதியாகத் திரும்பியிருப்பார். அதை அன்பு என்றுகூடச் சிலர் சொல்லக்கூடும். ஆனால் நாளை வேறொரு பிடில் அவரிடம் வந்தால், அதே பசையைத்தான் அவர் எடுப்பார். அவருக்குச் சேர வேண்டிய அறிவை மறைப்பது, அவரை அறிவதற்குத் தகுதியற்றவராகக் கருதுவதும் ஆகும். ஆகவே சொன்னேன்: "ஒட்டு விடவில்லை. அது விடாததால்தான் பலகை பிளந்துவிட்டது."

சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "கதவு விடக்கூடாது சாமி. இது விடணுங்களா?" என்றார். பசையின் காரணத்தை விளக்கியபோது அவர் முகம் மாறியது. வச்சிரம் அவருக்குப் புதிதன்று. சிறுவயதில் தம் தகப்பனாரின் பட்டறையில் வச்சிரச் சட்டியைக் கிண்டியதே தம் முதல் வேலை என்றார். அதன் நாற்றத்தால் வீட்டில் திட்டு வாங்கியதையும் சொன்னார். டப்பாவில் வரும் பசை எளிதாகக் கிடைக்கத் தொடங்கியதும் எல்லாரும் அதை விட்டுவிட்டார்கள். வயலினுக்குத் தேவையான அறிவு அவருடைய தொழிலுக்குள்ளேயே ஒரு காலத்தில் இருந்தது. எவரும் கேட்காததால் அது அவரிடமிருந்து கைநழுவியிருந்தது. குற்றம் சாட்டும் குரலில் பேசியிருந்தால் இதை அறிந்திருக்கவே முடியாது.

இதனோடு ஒப்பிட்டுப் பார்க்கத் தக்கது 2012-இல் ஸ்பெயின் நாட்டின் போர்கா என்னும் சிற்றூரில் நிகழ்ந்தது. அங்குள்ள திருத்தலச் சுவரில் 1930-ஆம் ஆண்டளவில் தீட்டப்பட்ட, முள்முடி தரித்த கிறிஸ்துவின் ஓவியம் ஈரத்தால் உதிர்ந்துகொண்டிருந்தது. 80 வயதைக் கடந்த மூதாட்டி ஒருவர், அதன்மேல் கொண்ட பற்றினால், தாமே தூரிகையை எடுத்துச் சரிசெய்ய முயன்றார். முகம் அடையாளம் தெரியாமல் போயிற்று. உலகெங்கும் செய்தித்தாள்களும் தொலைக்காட்சிகளும் அதை வெளியிட்டு நகைத்தன. பின்னர் அந்த ஓவியத்தைக் காணவே மக்கள் கூட்டம் கூட்டமாக வரத் தொடங்கினர் என்பது விந்தையான செய்தி. ஆனால் அந்தச் சிரிப்பு நடந்தபோது அது எதைத் திருத்தியது? சுவரில் உதிர்ந்துகொண்டிருந்த ஓவியத்தை ஏன் வேறு எவரும் கவனிக்கவில்லை என்று கேட்டவர்கள் மிகச் சிலரே. எள்ளல் தவற்றை அறிவிக்கிறது. ஆனால் தவறியவரையும் பிறரையும் கற்றுக்கொள்ள விடுவதில்லை. உண்மையை மறைப்பதும் உண்மையை ஆயுதமாக்குவதும் எதிரெதிர் செயல்களாகத் தோன்றினாலும், இரண்டும் அடுத்தவரைக் கைவிடுவதில்தான் முடிகின்றன.

தேர்ந்த வயலின் கைவினைஞரிடம் ஒரு பழக்கம் உண்டு. கருவியைத் திறந்து வேலை செய்து முடித்ததும், மூடுமுன் உட்புறத்தில் தம் பெயரையும் ஆண்டையும் எழுதிவைப்பார். அல்லது சிறு தாள் ஒன்றை ஒட்டிவைப்பார். வாசிப்பவர் அதைப் பார்க்கப்போவதில்லை. பல ஆண்டுகள் கழித்து மீண்டும் அதைத் திறக்கும் ஒருவர்தான் பார்ப்பார். இதில் பெருமையும் உண்டு, பொறுப்பும் உண்டு. 'இதைச் செய்தவன் நான். தவறாக இருந்தால் என் தவறு' என்று அறிமுகமில்லாத ஒருவருக்குச் சொல்லிவைப்பது அது. விரிசலை மறைத்து விற்பவரின் செயலுக்கும் இதற்கும் இடையிலுள்ள தொலைவே நேர்மைக்கும் வஞ்சத்திற்கும் இடையிலுள்ள தொலைவு.

திறக்கக்கூடிய பொருத்துவாய்

மனிதர்க்கிடையிலான உடைவுகளுக்கும் இந்த நெறி பொருந்துமா? பங்குப் பணியில் இருப்பவர்கள் குடும்பங்களின் உடன்படிக்கைகளை அடிக்கடி காண நேர்கிறது. அண்ணன் தம்பிகளுக்கிடையே சொத்துப் பூசல் எழுகிறது. பெரியவர்கள் கூடுகிறார்கள். ஒரு முடிவைச் சொல்லி, "இனி இதைப் பற்றி எவரும் வாய் திறக்கக் கூடாது" என்று ஆணையிட்டு எழுகிறார்கள். பூசல் நின்றதுபோல் தோன்றுகிறது. ஆனால் பருவம் மாறும், பிள்ளைகள் வளர்வார்கள், ஒருவர் வீட்டில் நோய் வரும், மற்றவர் வீட்டில் வளம் வரும். அப்போது பழைய ஏற்பாட்டைச் சற்றே திறந்து மறுபடியும் பொருத்த வழி இருந்தால் சிறு மனக்குறையோடு போய்விடும். வழி இல்லையென்றால், எவரும் எதிர்பாராத இடத்தில், ஒரு திருமண வீட்டிலோ இறப்பு வீட்டிலோ, அது பிளந்துவிடும். அப்போது வருபவர்கள் முதலில் பழைய சமரசத்தைச் சுரண்டி எடுத்த பிறகே பழைய பூசலை அடைய முடியும்.

இதை எதிர்த்து ஒருவர் கேட்கலாம்: விட்டுக்கொடுக்கும் ஒட்டு எப்படி உறுதியான ஒட்டாகும்? எப்போது வேண்டுமானாலும் திறக்கலாம் என்றால் எந்த உடன்பாட்டுக்கும் மதிப்பு இருக்குமா? நியாயமான எதிர்ப்பே. ஆனால் வச்சிரம் விரும்பியபோதெல்லாம் கழன்றுவிடுவதில்லை. சாதாரணப் பருவங்களில் அது இறுகவே பிடித்திருக்கிறது. தாங்க இயலாத விசை வரும்போது மட்டும், மரம் உடைவதற்கு ஒரு கணம் முன்பாகத் தான் திறந்துகொள்கிறது. எந்தப் பொருளைக் காக்க ஒட்டு போடப்பட்டதோ, அந்தப் பொருளைவிட ஒட்டு பெரிதாகிவிடக் கூடாது என்பதே இங்குள்ள கருத்து. பெரியவர்களின் முடிவைக் காப்பாற்றுவதற்காக அண்ணன் தம்பிகள் என்றென்றும் பிரிந்துவிட நேர்ந்தால், காப்பாற்றப்பட்டது எது?

இறுதியாக ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும். தவறான பழுதுபார்ப்பு என்று நாம் இன்று சுட்டிக்காட்டும் வேலைகளுள் பல, அவை செய்யப்பட்ட நாளில் மிகச் சிறந்த வேலைகளாகக் கருதப்பட்டவை. கிரெமோனாக் கருவிகளின் கழுத்தை வெட்டியவர்களில் பலர் தம் காலத்தின் தலைசிறந்த கைவினைஞர்கள். இன்று நாம் ஐயமின்றிச் செய்யும் ஏதோ ஒன்றை, நூறு ஆண்டுகள் கழித்து ஒருவர் திறந்து பார்த்துத் தலையசைக்கக்கூடும். அந்த மனிதரை மனத்தில் நிறுத்திக்கொண்டு வேலை செய்பவர் மூன்று காரியங்களை மறக்கமாட்டார். தேவைக்கு மேல் ஓர் இழை மரத்தையும் எடுக்கமாட்டார். திரும்பத் திறக்க இயலாதபடி எதையும் ஒட்டமாட்டார். தாம் செய்ததை மறைக்காமல் உள்ளே எழுதிவைப்பார். நம் கையால் செய்யப்படும் எல்லாம் சரியாகவே அமையும் என்று எவரும் உறுதி கூற முடியாது. தவறினால் திருத்துவதற்கு, அடுத்து வருபவரின் கையில் போதிய மரம் மீதியிருக்க வேண்டும். அதற்கு நாம் பொறுப்பு.